பெட்டியைப் பிரித்தால் வகைப்பாடும் போய்விடும்

கேள்வி: தீயணைப்பு அமைப்புகளுக்கான பாகங்களை விற்கும் சிறு நிறுவனத்தில் ஏற்றுமதிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். தீயணைப்பு உருளையின் அடைப்பை நொடியில் திறக்க உதவும் சிறு தோட்டாக்களும் எங்கள் பட்டியலில் உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் உள்ளிருக்கும் சிறிதளவு வெடிமருந்து எரிந்து, அந்த அழுத்தத்தில் அடைப்பு திறக்கும். தயாரிப்பாளர் ஒரு பெட்டிக்கு ஐம்பது என்று அனுப்புகிறார். பெட்டியின் மேல் 1.4எஸ் என்ற ஆரஞ்சு லேபிள் இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் தமக்கு ஆறு போதும் என்கிறார். ஆறை எடுத்து எங்கள் அட்டைப்பெட்டியில் வைத்து, அதே லேபிளை ஒட்டிக் கொடுத்தேன். கூரியர் நிறுவனம் வாங்க மறுத்துவிட்டது. 1.4எஸ் என்றால் ஏறக்குறைய ஆபத்தில்லாதது என்றுதானே பொருள்? விரல் நீளப் பொருளுக்கு ஏன் இத்தனை தாள்கள்? ‘இயந்திர உதிரிபாகம்’ என்று எழுதி அனுப்பிவிடலாம் என்கிறார் மேலாளர். இன்னொன்று: உள்ளூர் வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த, இயங்காமல் போன மூன்று தோட்டாக்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவற்றைத் தயாரிப்பாளருக்கு எப்படி அனுப்புவது?

பதில்:

கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை காத்திருக்கும், அது காத்திருக்காது.

இழுப்பறையில் உள்ள மூன்றையும் எங்கும் அனுப்பாதீர்கள். கழற்றிப் பார்க்க வேண்டாம். மின்கம்பிகளில் மீட்டரை வைத்து ‘உயிர் இருக்கிறதா’ என்று சோதிக்கவே வேண்டாம். மீட்டரிலிருந்தும் மின்சாரம் பாயும். இயங்க வேண்டிய நேரத்தில் இயங்காத தோட்டாவைச் செத்த தோட்டா என்று நினைத்துவிடக் கூடாது. அது ஏன் இயங்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். 1.4எஸ் என்று சான்று அளிக்கப்பட்டது தொழிற்சாலையிலிருந்து பழுதில்லாமல் வந்த பொருளுக்கு. பழுதான பொருள் அந்தச் சான்றிதழின் நிழலில் ஒதுங்க முடியாது. இன்றே தயாரிப்பாளரை அழைத்து, தொகுதி எண்ணையும் அவை எந்தச் சூழலில் இயங்காமல் போயின என்பதையும் சொல்லுங்கள். தற்காலிகமாக எப்படிப் பாதுகாப்பது என்பதில் அவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் நாட்டில் வெடிபொருள்களுக்குப் பொறுப்பான அரசு அமைப்புக்கும் தெரிவியுங்கள். பெரும்பாலும் இருக்கும் இடத்திலேயே தகுதி பெற்றவர்களைக் கொண்டு அழிக்கச் சொல்வார்கள். ஆராய்ச்சிக்காகக் கட்டாயம் தயாரிப்பாளரிடம் போக வேண்டும் என்றால், அதற்கான நிபந்தனைகளை அந்த அமைப்பு எழுத்தில் தரும். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை அவை பயணம் செய்யாத பொருள்கள். ஆயுட்காலம் முடிந்த தோட்டா வேறு, இயங்க மறுத்த தோட்டா வேறு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவதற்குத் தயாரிப்பாளரே எளிய வழி வைத்திருக்கக்கூடும்.

இனி 1.4எஸ் விஷயம். இந்தத் தொழிலில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் குறியீடு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆபத்தான சரக்குகளை உலகெங்கும் ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிவினைக்கு அடிப்படை, ஐக்கிய நாடுகள் அமைப்பு வெளியிடும் மாதிரி ஒழுங்குமுறைகள். அட்டையின் நிறத்தால் தொழில் வட்டாரத்தில் அதை ‘ஆரஞ்சுப் புத்தகம்’ என்பார்கள். 1956-இல் முதலில் வெளிவந்தது. இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. விமானம், கப்பல், சாலை என்று தனித்தனியாக இருக்கும் விதிநூல்கள் எல்லாம் அதிலிருந்தே கிளைத்தவை. வெடிபொருள்கள் வகுப்பு 1. அதற்குள் ஆறு பிரிவுகள். மொத்தமாக ஒரே நேரத்தில் வெடிக்கக்கூடியது 1.1. சிதறல்கள் பறப்பது முதன்மை ஆபத்து என்றால் 1.2. தீயும் வெப்பமும் முதன்மை என்றால் 1.3. குறிப்பிடத்தக்க ஆபத்து இல்லை என்றால் 1.4. எளிதில் தூண்டப்படாத பொருள்களுக்கு 1.5, 1.6 என்று இரண்டு உண்டு; உங்களுக்கு அவை தேவைப்படாது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து இணக்கக் குழு: எதை எதோடு சேர்த்து வைக்கலாம் என்பதைச் சொல்வது. பி என்றால் டெட்டனேட்டர் வகை, சி என்றால் உந்துமருந்து, ஜி என்றால் வாணவேடிக்கை போன்றவை. எஸ் தனி ரகம். மற்ற எழுத்துகள் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. எஸ் மட்டும் உள்ளே நடப்பது வெளியே வராது என்று சொல்கிறது. தற்செயலாக ஒன்று இயங்கிவிட்டாலும் அதன் விளைவு பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். பெட்டி தீயில் சிதைந்துபோனாலும், அருகில் நின்று தீயணைப்பவர்களுக்குப் பெரிய இடையூறு வரக்கூடாது. இதுதான் எஸ்.

ஆக, அந்த எழுத்து தோட்டாவை மட்டும் பற்றியதல்ல. தோட்டா, அதைச் சுற்றியிருக்கும் தடுப்பு அட்டைகள், வெளிப்பெட்டி மூன்றும் சேர்ந்து தேர்வு எழுதி வாங்கிய மதிப்பெண் அது. ஆறு தோட்டாக்களைப் பிரித்து வேறு பெட்டியில் வைத்த கணத்தில் தேர்வு எழுதிய ஆள் மாறிவிட்டார். நீங்கள் ஒட்டிய லேபிள் இன்னொருவருடைய மதிப்பெண் பட்டியல்.

அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் கூரியர்காரர் மீது கோபம் வராது. ஐ.நா. சோதனைக் கையேட்டில் ஆறாம் தொடர் என்று ஒன்று உண்டு. முதல் சோதனையில், அனுப்பப்போகும் அதே பெட்டிக்குள் ஒரு பொருளை வேண்டுமென்றே இயக்கிப் பார்க்கிறார்கள். அடுத்ததில் பெட்டிகளை அடுக்கி, ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவுகிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாவதில் பெட்டிகளை நெருப்புக்கு மேல் ஏற்றி, என்ன பறக்கிறது, எவ்வளவு தூரம் சுடுகிறது என்று அளக்கிறார்கள். நான்காவது சோதனை எஸ் என்ற எழுத்துக்காகவே வந்தது. பெட்டியைச் சுற்றி எந்தத் தடுப்பும் இல்லாமல் உள்ளே ஒன்றை இயக்குகிறார்கள். கீழே இருக்கும் உலோகத் தகட்டில் பள்ளமோ துளையோ விழக்கூடாது. உள்ளிருப்பது பெட்டியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரக்கூடாது. 25 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் தாளைப் பற்றவைக்கும் அளவுக்குச் சுடர் வெளிப்படக்கூடாது. அந்தத் தாள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 80 கிராம் எடை கொண்டது. உங்கள் அலுவலகப் பிரிண்டரில் இருக்கும் தாள் மாதிரியானதுதான்.

உங்கள் அட்டைப்பெட்டி இதில் எதையும் எழுதவில்லை. எழுதினால் தேறிவிடவும் கூடும். ஆனால் ‘தேறக்கூடும்’ என்பதற்கு லேபிள் கிடையாது.

இது வெறும் தாள் விவகாரம் அல்ல என்பதற்கு உங்கள் பொருளே சாட்சி. இத்தகைய தோட்டாக்களுக்கு ஐ.நா. பட்டியலில் ஒரே பெயர்தான், எண்களோ நான்கு. 0381 என்றால் 1.2சி. 0275 என்றால் 1.3சி. 0276 என்றால் 1.4சி. 0323 என்றால் 1.4எஸ். உங்கள் பெட்டியில் 0323 இருக்கும், பாருங்கள். அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டுமானால் மேலே சொன்ன நான்காவது சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று விதிநூலில் தனிக் குறிப்பே இருக்கிறது. அதைக் காட்ட முடியாவிட்டால் பொருள் பக்கத்து எண்ணுக்கு நழுவும். 1.4எஸ், பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் அளவுக்குட்பட்டுப் போகலாம். 1.4சி-க்கு அங்கே இடமில்லை. சரக்கு விமானம் தேட வேண்டும். ஓர் எழுத்து மாறினால் போக்குவரத்து வழியே மாறிவிடுகிறது.

பொருள் ஒன்றாகவும் லேபிள் வேறாகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரம் 2000 மே 13 அன்று பார்த்தது. குடியிருப்புப் பகுதிக்கு நடுவே இருந்த வாணவேடிக்கைக் கிடங்கு வெடித்தது; 23 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 950 பேர் காயமடைந்தார்கள். உரிமத்தில் அனுமதிக்கப்பட்டதைவிட அபாயகரமான பொருள்கள் அங்கே இருந்தன. லேபிள்கள் சொன்னதைவிட அவற்றின் உண்மையான வீரியம் அதிகம் என்பது விசாரணையில் தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் தாங்கள் அணைப்பது இன்னது என்று நம்பி உள்ளே போனார்கள். பெட்டியின் மேல் இருக்கும் எண் கொடுப்பது அந்த நம்பிக்கையைத்தான். லேபிள் ஒட்டுகிற எவரும், தாம் அறியாத யாரோ ஒருவருக்கு வாக்குக் கொடுக்கிறார்.

மேலாளரின் யோசனைக்கு வருகிறேன். ‘இயந்திர உதிரிபாகம்’ என்று எழுதி அனுப்புவது விதியில் ஓட்டை தேடும் சாமர்த்தியம் அல்ல. அறிவிக்கப்படாத வெடிபொருளை விமானத்தில் ஏற்றுவது. பல நாடுகளில் அது குற்றவியல் வழக்கு. அதைவிட முக்கியம், அப்படி எழுதிய பெட்டியை அடுக்குபவர் எதன் அருகில் அடுக்குவார் என்பது.

1996 மே 11 அன்று மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட வால்யூஜெட் 592 விமானத்தின் சரக்கு அறையில் சில அட்டைப்பெட்டிகள் இருந்தன. உள்ளே, வேறு விமானங்களிலிருந்து கழற்றப்பட்ட, ஆயுட்காலம் முடிந்த ஆக்சிஜன் உற்பத்திக் கலன்கள். அவை வகுப்பு 1 அல்ல. ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும், தட்டினால் தீப்பொறி தரும் ஒரு சிறு தொப்பி இருந்தது. அந்தத் தொப்பி தற்செயலாக இயங்காமல் காக்கும் பாதுகாப்பு மூடிகள் மாட்டப்படவில்லை. சரக்குச் சீட்டில் அவை ‘காலி’ என்று எழுதப்பட்டிருந்தது. உண்மையில் காலியாக இல்லை. பக்கத்தில் விமான டயர்கள். விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் தீப்பிடித்து எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 110 பேரும் இறந்தார்கள். சீட்டில் அந்தச் சொல்லை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. கலன்களைக் கழற்றியவர், பெட்டியில் போட்டவர், சீட்டு எழுதியவர், ஏற்றியவர் என்று பல கைகள் மாறின. உள்ளே என்ன இருக்கிறது என்பது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோனது. மேலாளரிடம் இதைச் சொல்லுங்கள். சரக்கு முகவர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாலும், ஆபத்தான சரக்கு அறிவிப்பில் கையெழுத்திடுபவர் அனுப்புநர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சில மேலாளர்களுக்கு இரண்டாவதுதான் சீக்கிரம் உறைக்கும்.

அஞ்சலில் அனுப்பலாமா என்ற கேள்வி அடுத்து வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கூடாது. சர்வதேச அஞ்சலில் வெடிபொருளுக்குத் தடை. யாராவது ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்து எடுத்துப்போகலாமா? அதுவும் கூடாது. விளையாட்டு வீரர்கள் துப்பாக்கித் தோட்டாக்களை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு ஒருவருக்கு 5 கிலோ வரை பதிவு செய்த சாமான்களில் கொண்டுபோகிறார்களே என்று யாராவது சட்டம் பேசுவார்கள். அந்தச் சலுகை துப்பாக்கித் தோட்டாக்களுக்கு மட்டும். மிகச் சிறிய அளவு என்று விலக்கு கேட்கவும் வழியில்லை. வேறு பல வகுப்புகளுக்குத் தரப்படும் ‘விலக்களிக்கப்பட்ட அளவு’ சலுகை வெடிபொருளுக்குக் கிடையாது.

சரி, ஆறு தோட்டாக்கள் எப்படித்தான் போகும்?

முதலில் தயாரிப்பாளரிடமிருந்து வகைப்பாட்டுச் சான்றிதழின் நகலை வாங்குங்கள். பாதுகாப்புத் தகவல் தாள் போதாது. அது வேதியியல் ஆவணம். உங்களுக்கு வேண்டியது, உரிய அரசு அமைப்பு இந்தப் பொருளுக்கு இந்தப் பெட்டியில் இந்த எண் என்று ஒப்புக்கொண்ட ஆவணம். அதைத் திறந்து, பெட்டி அமைப்பு விவரிக்கப்பட்டிருக்கும் பகுதியைப் படியுங்கள். பல தயாரிப்பாளர்கள் இரண்டு மூன்று அளவுகளில் பெட்டிகளைச் சோதித்து வைத்திருப்பார்கள். ஆறு அல்லது பத்து கொள்ளும் சிறிய பெட்டி அந்தப் பட்டியலில் இருந்தால், அதையே கேட்டு வாங்கி, திறக்காமல் அனுப்புவது எல்லாவற்றிலும் சுலபம். இல்லாவிட்டால், அதே ஐம்பது கொள்ளும் பெட்டியில், அதே தடுப்பு அட்டைகளோடு, ஆறு மட்டும் வைத்து அனுப்பச் சான்றிதழ் இடம் தருகிறதா என்று எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் ‘பரவாயில்லை, அனுப்புங்கள்’ என்பது விமான நிலையத்தில் செல்லாது. மூன்றாவது வழி, வாடிக்கையாளரைத் தயாரிப்பாளரிடமே வாங்கச் சொல்வது. லாபம் போகும், சில ஆர்டர்களில் அதுதான் மலிவு.

பெட்டி விஷயத்தில் ஒரு சிறு தகவல். வெடிபொருளுக்கான பெட்டியின் பக்கத்தில், வட்டத்துக்குள் ஐ.நா. அடையாளமும் அதன் பின் ஒரு குறியீட்டு வரிசையும் அச்சாகியிருக்கும். 4ஜி என்று தொடங்கினால் அட்டைப்பெட்டி. பொதுவாக வெடிபொருளுக்கு நடுத்தர வலிமைத் தரம் கேட்கப்படுகிறது. இன்னும் கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். உலோகப் பெட்டியில் அது எப்போதும் சரியாகாது. இறுக்கமாக அடைபட்ட மருந்து இன்னும் மூர்க்கமாக வெடிக்கும் என்பதே காரணம். ‘பாதுகாப்புக்காக’ இரும்புப் பெட்டியில் வைத்து அனுப்பும் ஆர்வக்காரர்கள் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார்.

சான்றிதழ் உங்கள் நாட்டில் செல்லுபடியானாலும், போய்ச் சேரும் நாடும் வழியில் இறங்கி ஏறும் நாடும் தனி அனுமதி கேட்கலாம். இறக்குமதி உரிமம் வாடிக்கையாளர் வாங்க வேண்டியது. அதன் நகல் கைக்கு வரும்வரை சரக்கைக் கிளப்பாதீர்கள். போனபின் சுங்கத்தில் நிற்கும் வெடிபொருளை யாரும் திருப்பியனுப்பவும் விரும்பமாட்டார்கள், வைத்திருக்கவும் விரும்பமாட்டார்கள். விமான நிறுவனங்களும் தங்களுக்கென்று கூடுதல் கட்டுப்பாடுகள் வைத்திருக்கின்றன. விதி அனுமதிப்பதை ஒரு நிறுவனம் ஏற்க மறுக்கலாம். அது அதன் உரிமை. அதனால் சாதாரண கூரியரை விட்டுவிட்டு, வகுப்பு 1 சரக்கைக் கையாளும் சரக்கு முகவரைத் தேடுங்கள். முதல் அழைப்பிலேயே ஐ.நா. எண்ணையும் நிகர வெடிபொருள் எடையையும் கேட்பவர்தான் சரியான ஆள்.

நிகர வெடிபொருள் எடை என்பது தோட்டாவின் எடை அல்ல; உள்ளே இருக்கும் மருந்தின் எடை மட்டும். இதைத் தயாரிப்பாளர்தான் தர முடியும். ஆறால் பெருக்கி ஆவணத்தில் எழுத வேண்டும். பெட்டியின் மேல் ஐ.நா. எண், சரக்கின் முறையான பெயர், அனுப்புபவர், பெறுபவர் முகவரிகள், ஆரஞ்சு சாய்சதுர லேபிள். 1.1 முதல் 1.3 வரை லேபிளில் வெடிக்கும் குண்டின் படம் இருக்கும், 1.4-இல் படம் இருக்காது, பெரிய எண் மட்டும். உங்களுக்கு அது ஆபத்தில்லாதது என்ற எண்ணம் வந்ததில் அந்தப் படமின்மைக்கும் பங்கு இருக்கலாம்.

ஒரே பெட்டியில் மற்ற பாகங்களையும் போட்டுவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வேண்டாம். எஸ் குழுவை ஏ, எல் தவிர எல்லாக் குழுவோடும் ஒரே வாகனத்தில் ஏற்றலாம் என்ற தாராளம் உண்மைதான். அது தனித்தனிப் பெட்டிகளுக்கு. உள்ளே எதைச் சேர்த்தாலும் மறுபடியும் சோதிக்கப்படாத பெட்டியாகிவிடும். அருகில் என்ன இருக்கிறது என்பதை யாரும் கவனிக்காதபோது நடந்தது 1944 ஏப்ரல் 14, பம்பாய்த் துறைமுகம். ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளோடு கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் இருந்தன. பஞ்சு புகைந்தது, பிறகு கப்பல் வெடித்தது, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இன்றைய கடல் விதிநூலில் பிரித்து அடுக்கும் பகுதி ஏன் அவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று இனி யாரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாக, நீங்கள் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. விமான வழியாக ஆபத்தான சரக்கை அனுப்புபவர்கள், கட்டுபவர் முதல் கையெழுத்திடுபவர் வரை, பயிற்சி பெற்றிருக்க வேண்டும்; 24 மாதங்களுக்குள் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். பயிற்சி இல்லையென்றால் இந்த ஆறையும் நீங்கள் கட்டவோ கையெழுத்திடவோ கூடாது. பயிற்சி பெற்ற கட்டுநரிடம் கொடுத்துவிடுங்கள். வாடிக்கையாளரிடம் அடுத்த வாரம் என்று வாக்குக் கொடுத்திருந்தால் இன்றே திருத்திக்கொள்ளுங்கள். சான்றிதழ் நகல், இறக்குமதி உரிமம், விமான நிறுவனத்தின் ஒப்புதல் மூன்றும் வந்தபிறகுதான் தேதி சொல்ல முடியும்.